மிச்சம் வைக்கிறவன்

என் மனைவியின் தம்பி தட்டில் மிச்சம் வைப்பான். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி அவன். அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்து அவன் அக்கா சமைத்திருந்தாள். அவனும் ரசித்துத்தான் சாப்பிட்டான். தட்டில் பாதி இருக்கும்போது, வாய்வரை கொண்டுபோன கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான்.

"ஏன்டா, நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா. போதும்."

அவ்வளவுதான். வாயைக் கட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் முகத்தில் ஏதோ சொத்தை எழுதிக் கொடுத்துவிட்ட துக்கம் இருக்கும். இவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தன் நிறுத்தம் வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் போல இறங்கிப் போய்க் கை கழுவினான். வயிறு சொன்னது, இவன் கேட்டான், நடுவில் பேரமே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த மாதிரி ஓர் ஆளைத்தான் நாங்கள் ஆபீசில் நாலு மாதமாக வலைபோட்டுத் தேடிக்கொண்டிருந்தோம்.

நான் வேலை பார்ப்பது பொட்டலத்தில் அடைத்து விற்கும் நொறுக்குத்தீனி கம்பெனியில். எங்கள் பிரிவுக்கு ருசிப் பிரிவு என்று பெயர். வெளியே கேட்பவர்களிடம், மக்களுக்கு எது பிடிக்கிறது என்று பார்க்கிறோம் என்போம். பிடிக்கிறதா இல்லையா என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. எப்போது நிறுத்துகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

ஒரு நீளமான அறையில் எட்டுத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு ஸ்டூல், ஒரு பலகை, பண்டத்தின் நிறம் கண்ணை ஏமாற்றாதபடி ஒரு சிவப்பு பல்பு. சுவரில் சின்னதாக ஒரு கதவு. அதன் வழியே நாங்கள் கிண்ணத்தை உள்ளே தள்ளுவோம். கிண்ணத்தின் மேல் பெயர் இருக்காது, மூன்று இலக்க எண் மட்டும். ஒரு மனிதன் தின்னக்கூடியதைப் போல மூன்று மடங்கு போட்டிருப்போம். வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை வாங்கித் தராசில் வைப்போம். மிச்சம் எத்தனை கிராமோ அதுதான் எங்கள் ரிப்போர்ட். கூடவே ஒரு தாளில் ஐந்து கேள்விகள். கடைசிக் கேள்வி: ஏன் நிறுத்தினீர்கள்?

இதில் வந்த சிக்கல், யாரும் நிறுத்தவில்லை என்பதுதான். வந்து உட்கார்ந்த எல்லோரும் இதே சரக்கைச் சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்தவர்கள். அட்டையை உப்புப் போட்டுப் பொரித்துக் கொடுத்தாலும் கிண்ணத்தை வழித்துவிட்டு அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். நல்ல சரக்கு எது, மட்டமான சரக்கு எது என்று எங்களால் பிரிக்கவே முடியவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவி ஒரு மேடம். குச்சி மாதிரி இருப்பார். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், அதைத் தவிர அவர் வாயில் எதுவும் போய் நாங்கள் பார்த்ததில்லை. அவர்தான் சொன்னார்: "நிறுத்தத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். அந்த ஆளையே நிறுத்தாம சாப்பிட வச்சிட்டோம்னா, வெளிய இருக்கறவங்க எல்லாம் எம்மாத்திரம்?"

இருநூறு பேரை உட்காரவைத்துப் பார்த்தோம். ஒருவர்கூடத் தேறவில்லை. ஆனால் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பாதித் தட்டை மிச்சம் வைத்துவிட்டு ஒருத்தன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வேலை கயிற்றில். உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைத் தொங்கிக்கொண்டே துடைக்கிற வேலை. இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, மொட்டைமாடி விளிம்பிலிருந்து பின்புறமாக இறங்குவான். ஆளும் வாளியும் சேர்ந்து நூறு கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் போனாலும் கயிற்றில் ஏற்ற மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் அவன் வாளியோடு எண்பது. வாளியில்லாமல் அறுபத்தாறு.

"பயமா இருக்காதா மாப்ள?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பயமா? கீழ இருக்கும்போதுதான் மாமா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மேல போயிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க, ஃபோன் எடுக்க முடியாது. நானும் கண்ணாடியும்தான். முப்பதாவது மாடில காத்தே வேற." சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது. காதலியைப் பற்றிப் பேசுகிறவன் தோற்றான்.

விடுமுறை நாட்களில் எங்கள் தடுப்புக்கு வந்து உட்காரச் சொன்னேன். அக்கா புருஷன் சொல்லைத் தட்ட முடியுமா? வந்தான். முதல் நாளே கிண்ணத்தில் முக்கால்வாசியை மிச்சம் வைத்தான். கடைசிக் கேள்விக்கு நேரே "போதும்" என்று எழுதியிருந்தான். மறுவாரமும் "போதும்". அதற்கடுத்த வாரமும் அதே. எங்கள் பையன்கள் அவனுக்கு பிரேக் என்று பெயர் வைத்தார்கள். "பிரேக் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் அன்றைய வேலையே தொடங்கும்.

ஒன்றே முக்கால் வருடம் அவனைச் சின்னக் கதவு வழியாகப் பார்த்தேன். பெற்ற தாய்கூட அவன் தின்பதை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டாள். எந்தக் கடியில் அவன் வேகம் குறைகிறது, எப்போது மூச்சை இழுத்து விடுகிறான், எந்த நொடியில் கை தயங்குகிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு அவனை நிறுத்துகிறவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

முதலில் அவன் தாடை. மென்று தின்ன வேண்டியதென்றால் சீக்கிரம் நிறுத்தினான். தாடை உழைத்தால் வயிற்றுக்குத் தகவல் போய்விடுகிறது. மேடத்திடம் சொன்னேன். "கடிக்கும்போது சத்தம் இருக்கணும். கடிச்சப்புறம் வாயில ஒண்ணுமே இருக்கக்கூடாது" என்றார். நாக்கில் பட்டதும் பனியாகக் கரைந்துபோகிற மாதிரி மாவை ஊதவைத்தோம். அதிலுள்ள எண்ணெய் அப்படியே உள்ளே போனது. உடம்புக்கோ எதுவும் வந்து சேர்ந்த மாதிரியே தெரியவில்லை.

இரண்டாவது அவன் நாக்கு. ஒரே ருசி என்றால் பத்து நிமிடத்தில் அவனுக்குச் சலித்துவிடும். அதனால் முதலில் உப்பு, அது அடங்குவதற்குள் லேசாக ஒரு தித்திப்பு, கடைசியில் ஒரு புளிப்பு. புளிப்பு வந்ததும் நாக்கு திரும்ப உப்பைக் கேட்கும். மூன்றாவது அவன் கண். கிண்ணத்தில் குவியல் குறைவதைப் பார்த்து அவன் நிறுத்துகிறான் என்று ஒரு நாள் எனக்குப் பொறி தட்டியது. கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, உள்ளே தெரியாத குறுகலான பையில் போட்டுக் கொடுத்தோம். கை மட்டும் இருட்டில் போய் இருட்டிலிருந்து வந்தது.

மிச்சம் நாற்பது கிராமாகியது, இருபத்தாறாகியது, ஒன்பதாகியது. ஒவ்வொரு தடவையும் எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

முந்நூற்றுப் பதினெட்டாம் எண் சரக்கைக் கொடுத்த அன்று, பதினோரு மணிக்குச் சின்னக் கதவு திறந்தது. பை வெளியே வந்தது. தராசில் வைத்தேன். பையின் எடைதான் காட்டியது. குனிந்து உள்ளே பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எங்க போச்சு?" என்றான். சிரித்தான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. கடைசிக் கேள்விக்கு நேரே, முதல் தடவையாக வேறு ஒரு வார்த்தை இருந்தது. "காலி."

நடப்பதையே அளந்து நடக்கிற மேடம் அன்று ஓடி வந்தார். கேக் வெட்டினோம். என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. அந்த மாதமே நான் பிரிவில் இரண்டாவது ஆளானேன். அவனுக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். பாதியை மிச்சம் வைத்துவிட்டான். அப்போது மற்றச் சாப்பாட்டில் அவனுடைய பிரேக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்தது வீட்டுச் சோதனை. வாரம் ஒரு பெட்டி வீட்டுக்கே அனுப்புவோம். எத்தனை பொட்டலம், எந்த நேரத்தில், தின்றதும் மனசு எப்படி இருந்தது என்று ஓர் அட்டையில் எழுத வேண்டும். பதின்மூன்று வாரம். அவன் ஒரு நாள் விடாமல் எழுதினான், பொய்யே எழுதவில்லை. எடைக்கு அந்த அட்டையில் கட்டம் கிடையாது. யாரும் மறந்துபோய் விட்டதல்ல அது.

சோதனை முடிந்து பெட்டி வருவது நின்றது. ஆனால் அதற்குள் சரக்கு கடைக்கு வந்துவிட்டது. மருந்துக்கடை கல்லாவில், பெட்ரோல் போடும் இடத்தில், ஆஸ்பத்திரி வாசலில், அவன் கயிறு மாற்றும் அறைக்கு வெளியே காசு போட்டால் பொட்டலம் விழும் மெஷினில் என்று அது இல்லாத இடமில்லை. நகரத்திலேயே உயரமான கட்டடத்தின் பக்கவாட்டில் ஆறு மாடி உயரத்துக்கு அதன் படத்தைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக் கண்ணாடி இவன் துடைக்கிற கண்ணாடி. படத்திலிருந்து கொட்டுகிற பொன்னிறத் துண்டுகளின் ஓரமாக, கையில் துணியோடு, மாடி மாடியாக இறங்கினான்.

முதலில் மகிழ்ந்தவள் என் மனைவி. "இப்பத்தான் என் தம்பி ஒழுங்கா சாப்பிடறான். தட்டுல ஒரு பருக்கை வைக்கறதில்ல" என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தாள். எங்கள் பொட்டலம் சொல்லிக்கொடுத்ததை அவன் உடம்பு மற்றச் சாப்பாட்டுக்கும் பழகிக்கொண்டது. போதும் என்கிற சொல் அவன் வாயிலிருந்து போயே போய்விட்டது. சட்டைப் பொத்தான்கள் இழுத்தன. பிறகு சட்டைகள் மாறின. கன்னம் வந்தது, கழுத்து போனது. குனிந்து ஷூ நாடாவைக் கட்டிவிட்டு நிமிரும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் பெருமையடிப்பதை நிறுத்தினாள்.

சொந்தக்காரர்கள் கூடினால் கேட்கவே வேண்டாம். நாக்கு சும்மா இருக்குமா? "அவனுக்கு இரும்பு நாற்காலியா பாத்துப் போடுங்கப்பா" என்றார் ஒரு பெரியப்பா. "கயித்துல இவன் தொங்கறானா, கட்டடத்த இவன் இழுக்கறானா?" என்றாள் ஒரு சித்தி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது என்று வண்டியில் வரும்போது மனைவி சொன்னாள். இருக்கலாம். பழகிவிட்டால் நமக்கு நம் சத்தம் தெரிவதில்லை.

ஆபீசில் நாங்கள் செய்த கூத்து இன்னும் வேடிக்கை. முந்நூற்றுப் பதினெட்டுக்குப் பிறகு வந்த மூன்று புதுச் சரக்குகளையும் அவன் காலி செய்தான். மூன்றும் வெற்றி என்று மூன்று கேக் வெட்டினோம். மூன்றும் கடையில் படுத்துவிட்டன. யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. ஒரு நாள் எங்கள் பையன் ஒருவன், தூக்கி எறிய வைத்திருந்த பழைய சாக்கிலிருந்து தவறுதலாக அள்ளிப் போட்டுவிட்டான். எண்ணெய் காறி, உப்பு கட்டிபட்டுப்போன சரக்கு. அதையும் இவன் வழித்துத் தின்றுவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தான்.

மேடம் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம். எங்களிடம் இருந்த ஒரே தராசை நாங்களே உடைத்துவிட்டு, அது காட்டிய எடையை நம்பி ஒரு வருடம் ஓட்டியிருக்கிறோம்.

"பிரேக் ஃபெயிலியர்" என்றான் ஒரு பையன். மேடம்கூடச் சிரித்தார்.

"இனிமே இவரால நமக்கு என்ன பிரயோஜனம்? நீங்களே ஒரு லெட்டர் அடிச்சுக் கொடுத்துடுங்க" என்றார். மூன்று வரியில் அடித்தேன். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, தற்போது தங்களைப் போன்றவர்கள் எங்களிடம் போதுமான அளவு இருக்கிறார்கள், தேவைப்பட்டால் அழைப்போம். அவன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "ஏதாவது தப்பா எழுதிட்டேனா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த மாதக் கடைசியில் கயிற்று ஆபீசில் அவனை எடை போட்டார்கள். வாளியோடு நூற்று மூன்று.

பன்னிரண்டு வாரம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் நூறுக்குக் கீழே வந்தால் கயிறு, வராவிட்டால் கயிறு இல்லை. மூன்று கிலோ. பன்னிரண்டு வாரத்தில் மூன்று கிலோ இறக்குவது பெரிய விஷயமில்லை என்று சொல்கிறவர்கள் ஒரு நாளாவது எங்கள் சரக்கைத் தின்றுவிட்டுச் சொல்ல வேண்டும்.

அன்று அவன் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். நாற்காலி விஷயம் அவன் மனசில் இருந்திருக்க வேண்டும்.

"கயிறு இல்லன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா" என்றான். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பெரிய உடம்பு குலுங்கினால் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவனை அனுப்பிவிட்டு வந்ததும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

"நீங்கதானே அவன கூட்டிட்டுப் போனீங்க?"

"ஊர்ல எல்லாரும்தான் தின்றாங்க. நானா வாயில ஊட்டினேன்?"

"ஊட்டலங்க. எப்ப அவன் நிறுத்துவான்னு பாத்துப் பாத்து எழுதினீங்கல்ல? என்ன பிடுங்கினீங்களோ அத உங்களுக்குத் திருப்பி வைக்கத் தெரியாதா? அவன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்த வீட்ல நான் உங்களோட இருக்கறத பத்தி யோசிக்கணும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திருப்பி வைக்க வழி இருந்ததா? இருந்தது. ஒரே வழி, எங்கள் சரக்கை அவன் கையில் படாமல் செய்வது. வேண்டுமானால் ஒரு மாதம் லீவு போட்டு அவனோடு இருந்திருக்கலாம். என்ன செய்து அவனை இப்படி ஆக்கினோம் என்று உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கலாம். தன் குற்றம் இல்லை என்று தெரிந்தாலே மனிதனுக்குப் பாதி பலம் வந்துவிடும். ஆனால் அந்த வாரம்தான் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"லைட் சரக்கு ரெடி. எண்ணெய் கால்வாசி கம்மி. உள்ள வச்சுப் பாத்ததுல ரிசல்ட் பிரமாதம்" என்றார்.

அந்த ரிசல்ட்டை எடுத்தவனே நான்தான். மேலே லைட் என்று எழுதியிருந்தால் ஒன்றுக்கு ஒன்றரையாகத் தின்கிறார்கள். அதன் பிறகு, லைட்தானே தின்றோம் என்று சாப்பாட்டிலும் கூட ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறார்கள். கால்வாசி குறைத்து, பாதி கூட்டுகிறோம்.

"வீட்டுச் சோதனைக்கு ஆள் வேணும். சும்மா ஆள் இல்ல. எடையைக் குறைச்சே ஆகணும்னு உயிரை விடுற ஆள். அப்படிப்பட்ட ஆளே வாரம் எத்தனை பொட்டலம் திங்கறாருன்னு தெரிஞ்சா, மேல இருக்கறவங்க வாயடைச்சுப் போயிடுவாங்க." தண்ணீர் குடித்தார். "நான் அடுத்த மாசம் மேல போறேன். என் நாற்காலிக்கு ஆள் சொல்லச் சொன்னாங்க."

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

அன்று சாயங்காலம் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். ஒற்றை ஜன்னல் வைத்த அறை. சுவரில் ஆணியடித்துத் தன் பட்டைகளை மாட்டியிருந்தான். புதுப் பட்டை, நீளம் கூட்டி வாங்கியிருந்தான்.

"மாப்ள, கடைல விக்கறதக் கையால தொடாத. இது உனக்காக ஸ்பெஷலா ஆபீஸ்ல பேசி வாங்கினது. லைட்டு. இன்னும் வெளியவே வரல."

அவன் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். "அப்ப இத திங்கலாமா மாமா?"

"அதுக்குத்தானே கொண்டாந்திருக்கேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. "யாரு மாமா இவ்ளோ பண்ணுவாங்க?" என்றான்.

அட்டையையும் கொடுத்தேன். பன்னிரண்டு வாரமும் எழுதினான். அந்த அட்டைகள் இப்போதும் என் மேஜையில் இருக்கின்றன. முதல் வாரம் நாளுக்கு ஒன்று. காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன், மத்தியானம் சாப்பிடவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தான், யாரும் கேட்காமலே. மூன்றாவது வாரம் நாளுக்கு இரண்டு. "மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதில் இது, லைட்தானே." ஆறாவது வாரம் நான்கு. மனசு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு முதலில் "தெம்பாக" என்று எழுதியவன், பிறகு "பரவாயில்லை" என்று எழுதினான். ஒன்பதாவது வாரத்திலிருந்து அந்தக் கட்டத்தில் கோடு மட்டும் போட்டிருந்தான்.

நடுவில் ஒரு நாள் ஃபோனில் கேட்டான்: "மாமா, ஒரு கிலோ ஏறிடுச்சு. இது சரியாத்தான் வேலை செய்யுதா?"

"ஆரம்பத்துல அப்படித்தான் ஏறும். அப்புறம் மடமடன்னு இறங்கும்" என்றேன். அவன் நம்பினான்.

பன்னிரண்டாவது வாரக் கடைசியில் கயிற்று ஆபீசுக்கு என்னையும் கூட வரச் சொன்னான். கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு அறை. மூன்று சுவரிலும் கயிறுகள் சுருள் சுருளாகத் தொங்கின, ஈரத் துணி நாற்றம் அடித்தது. நடுவில் தரையோடு தரையாக எடை மெஷின். சூப்பர்வைசர் ஒரு குள்ள மனிதர், பேனாவைக் காதில் செருகியிருந்தார். இவன் பட்டைகளை மாட்டிக்கொண்டான், வாளியை எடுத்துக்கொண்டான். அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று என்னிடம் கிசுகிசுத்தான். ஷூவைக் கழற்றினான். கொஞ்சம் யோசித்து சாக்ஸையும் கழற்றினான். பிறகு ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

நூற்று ஏழு.

அவன் கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தான். இறங்கி மறுபடி ஏறினான். நூற்று ஏழு.

"சார், வாளி இல்லாம பாத்தீங்கன்னா..."

"வாளி இல்லாம மேல போயி? கண்ணாடிய நாக்கால துடைக்கப் போறியா?" என்றார் சூப்பர்வைசர். சுற்றி நின்ற கயிற்று ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, கொஞ்சம் இரக்கப்பட்டவர் போல, "கீழ பார்க்கிங்ல டோக்கன் கொடுக்கற வேலை இருக்கு. பன்னெண்டு மணி நேரம். உக்காந்த எடம், நகரவே வேண்டாம். வேணும்னா சொல்லு" என்றார்.

அவன் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தொடைப் பட்டை இறுகிப்போய் வர மறுத்தது. பழைய கூட்டாளி ஒருவன் மண்டிபோட்டு உட்கார்ந்து இழுத்துக் கழற்றிக் கொடுத்தான். அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எதிர்க் கட்டடத்தில் இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. அக்காவிடம் இவன் என்ன சொல்லப்போகிறானோ என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். லைட் விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் விட மாட்டாள். குடைந்து எடுத்துவிடுவாள்.

"மன்னிச்சிடுங்க மாமா" என்றான்.

"எதுக்கு?"

"நீங்க எனக்காக ஆபீஸ்ல சண்டை போட்டு வாங்கிட்டு வந்தீங்க. நாந்தான் வாயைக் கட்டல. ஒண்ணுன்னு நினைச்சுப் பிரிப்பேன், நாலுல போய் நிக்கும். எம்மேலதான் தப்பு."

சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம். உண்மை நாக்கு நுனிவரை வந்தது என்று எழுதினால் அது பொய், அது தொண்டைக்குக்கூட வரவில்லை. வந்தது வேறு.

"மனசுல உறுதி வேணும் மாப்ள" என்றேன்.

"ஆமா மாமா" என்று தலையாட்டினான். "எனக்கு அது கிடையாது."

அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். சூடாக, ஈரமாக இருந்தது.

சாயங்காலம் அவனே எங்கள் வீட்டுக்கு வந்து அவன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் லைட் வாங்கிக் கொடுத்தது, நடக்கச் சொன்னது, தவறாமல் விசாரித்தது. நான் நடக்கச் சொன்னதே இல்லை, அதை அவனாகச் சேர்த்துக்கொண்டான். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என் மனைவியின் குரல் உயர்ந்தது.

"அவரு இவ்ளோ பண்ணியும் உன்னால ஒரு மூணு மாசம் அந்த வாயக் கட்ட முடியல இல்ல? வெக்கமா இல்லையாடா உனக்கு?"

அவள் நிறுத்தாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு வாரத்தில் முதல் தடவையாக எனக்கு நிம்மதியாக இருந்தது.